துரை வண்டியின் கண்ணாடி இடுக்கு

"…மழையை நிறுத்தச் சொல்லலண்ணே, அந்தம்மா மடியில விழுற சொட்டை மட்டும் நிறுத்திக் குடுங்க, போதும்," என்று சொல்லிக்கொண்டே டிரைவர் வண்டியை விட்டு இறங்கினார். பேச்சை எங்கே தொடங்கினார் என்று எனக்குத் தெரியாது. பட்டறை வாசலில் வண்டி திரும்பும்போதே தொடங்கியிருப்பார். முதல் பாதி இன்ஜின் சத்தத்தோடு போய்விட்டது. வழக்கமாக நான் விடமாட்டேன். என்னப்பா சொன்னே, இன்னொரு தரம் சொல்லு என்று கேட்டு, அவரவர் வாயில் வந்தபடியே மனசில் வாங்கிவைத்துக்கொள்வேன். அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அன்று காலைதான் எனக்கு ஊரிலிருந்து கடிதம் வந்திருந்தது. எங்கள் கோயில் உபதேசியார் எழுதியது. அம்மா காய்ச்சலில் போய்விட்டாள், அடக்கம் நல்லபடியாக நடந்தது, முப்பதாம் நாள் பூசையும் வைத்தாயிற்று, நீ மனம் தளராதே என்று இருந்தது. அது கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ரயிலில் ஈப்போ வந்து சேருவதற்குள் செய்ய வேண்டியதையெல்லாம் அங்கே செய்து முடித்துவிட்டார்கள். எனக்கென்று ஒன்றும் மீதமில்லை. வாசித்தேன். இன்னொரு தரம் வாசித்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாதியில் விட்டிருந்த ஒரு லாரியின் பிரேக்கைக் கழற்றினேன். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் எதிர்பார்த்தேன். வரவில்லை. பத்து மணிக்குப் பசித்தது. எதிர்க்கடையில் இரண்டு இட்லி சாப்பிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எல்லாரும் வந்து நிற்பார்கள், அவர்களுக்கு நான் ஏதாவது முகம் காட்ட வேண்டும். அந்த முகம் என்னிடம் இல்லை.

நான் அப்போது ஈப்போவில் ஒரு சீன முதலாளியின் பட்டறையில் ஃபிட்டர்; அவரைத் தவுக்கே என்போம். யாரிடமும் உட்கார்ந்து படித்த வேலையில்லை. கழற்றிப் போட்டு, மாட்டத் தெரியாமல் விழித்து, மாட்டி, அப்படியே வந்தது. ரப்பர் விலை விழுந்து கிடந்து மறுபடி எழுந்திருந்த வருஷங்கள் அவை. தோட்டத்துத் துரைமார் ஒவ்வொருவராகப் புது வண்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் கொண்டுவந்ததும் அப்படி ஒன்று. கூரை துணி, பின்னால் மடிந்துவிடும். அதுவரை வந்த துணிக்கூரை வண்டிகளுக்குப் பக்கக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் பித்தான் போட்டு மாட்டுகிற திரைதான். இதற்கு நாலு கதவிலும் கைப்பிடியைச் சுற்றினால் ஏறி இறங்குகிற நிஜக் கண்ணாடி. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே ஒரு கம்பம். கூரையை மடிக்கிற நாளில் அந்தக் கம்பத்தையும் பிடுங்கி வைத்துவிடலாம். பார்க்க அழகான வண்டி. ஆனால் முன்கண்ணாடி, பின்கண்ணாடி, கம்பம், மேலே துணி, எல்லாம் ஒரு மூலையில் வந்து கூட வேண்டும். அந்த மூலையில்தான் சொட்டு.

"சொட்டு இங்க பொறக்குது," என்று டிரைவர் தன் ஆசனத்துக்குப் பின்னால் கம்பத்தின் உச்சியைத் தொட்டுக் காட்டினார். "வண்டி போற காத்துல பின்னால பறந்து நேரா துரைசாணியம்மா மடி. குறி தப்புறதே இல்ல."

"அவங்களை அந்தப் பக்கமா நகர்ந்து உட்காரச் சொல்லேன் தம்பி."

"நீங்க வந்து சொல்லுங்கண்ணே. நான் அதுக்குள்ள மூட்டை கட்டி வச்சிர்றேன்."

சிரிப்பாகத்தான் சொன்னார். அப்புறம் சிரிப்பில்லாமல் மீதியைச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோலா கங்சாரில் பெரிய இடத்து விருந்து. துரைசாணி அதற்கென்று கப்பலில் வரவழைத்த பட்டு உடுப்பு தயாராகத் தொங்குகிறது. போன தடவை நனைந்து போய் இறங்கியபோது துரை தோட்டத்துத் தமிழில் சொல்லியிருக்கிறார்: "ஞாயித்துக்கிழமை ஒரு சொட்டு விழுந்தா, திங்கக்கிழமை நீ பெரட்டுக்குப் போ."

பெரட்டு என்றால் விடியுமுன் தொழிலாளிகளை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடம். டிரைவர் மூன்று வருஷத்துக்கு முன் அந்த வரிசையில் நின்றவர். பால்மரம் வெட்டி, பட்டையைக் கீறிப் பாலெடுத்துக்கொண்டிருந்தவரைத் துரையே வண்டி ஓட்டப் பழக்கி, காக்கிக் கோட்டும் தொப்பியும் கொடுத்து, பங்களாவுக்குப் பின்னால் மோட்டார்க் கொட்டகையை ஒட்டிய அறையில் குடிவைத்திருந்தார். காம்பாரிலிருந்து வேறொரு டிரைவர் சர்டிபிகேட்டோடு வந்து துரையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். அதுவும் இவருக்குத் தெரியும்.

"திரும்ப மரம் வெட்டுறது ஒண்ணும் கேவலம் இல்லண்ணே. என் வீட்டுக்காரி இன்னும் வெட்டிக்கிட்டுத்தானே இருக்கா. ஆனா வரிசையில நான் நிக்கிற அன்னிக்குக் கங்காணி என்னை எப்படிக் கூப்பிடுவார் தெரியுமா? ‘டிரைவர் ஐயா, வாங்க, வாளி ரெடியா இருக்கு'ம்பார். அதை நான் தினம் கேட்கணும்."

வண்டியைச் சுற்றி வந்தேன். வலது பின்கதவு தொங்கியிருந்தது. இந்த வண்டிகளுக்கு உள்கூடு மரம்; தோட்டத்துச் சாலையில் குலுங்கிக் குலுங்கிக் கீலின் திருகாணி ஓட்டை பெருத்துவிடும். கதவு தொங்கினால் கண்ணாடி சாயும். கண்ணாடி சாய்ந்தால் மேலே ஒரு பக்கம் துணியோடு ஒட்டும், மறுபக்கம் விரல் போகும். இதில் ரப்பர் பட்டையும் காய்ந்து, கிள்ளினால் உதிர்ந்தது.

கீலைக் கழற்றி, ஓட்டையில் கட்டை முளை அடித்து, அடியில் மெல்லிய தகடு வைத்துக் கதவைத் தூக்கினேன். கதவின் உள்தட்டை எடுத்து, கண்ணாடி உட்காரும் தாங்கியைத் தளர்த்தி, மேல்விளிம்பு உள்பக்கம் சாயும்படி திருப்பி வைத்தேன். கை தானாகச் செய்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

கண்ணாடி எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று பார்க்க ஒரு வழி உண்டு. விளிம்பில் சாக்பீஸ் தூளைத் தடவிக் கண்ணாடியை ஏற்றி இறக்கினால், தொட்ட இடத்தில் வெள்ளைக்கோடு விழும். சாக்பீஸ் தூள் தீர்ந்துபோயிருந்தது. டிரைவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். திருநீறு.

"நான் வேதக்காரன். எனக்கு ஒண்ணுமில்ல. உன் சாமி கோவிச்சுக்காதா?"

"மாரியம்மன் கோயில்ல குடுத்ததுண்ணே. மழையே அவ இலாகாதான். வேலை செய்யட்டும்லா."

திருநீற்றுக்கோடு அழகாக விழுந்தது. மூலையில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு விழவில்லை. அங்கே புதுப் பட்டை வேண்டும். தவுக்கேயிடம் கேட்டேன். அவர் பல்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே கடைவீதிப் பசார் மலாயில் சொன்னது இது: "எனக்கு ரப்பர் வேணும்னா லண்டனுக்கு எழுதணும். லண்டன்காரனுக்கு ரப்பர் வேணும்னா இங்க எழுதுறான்." கப்பலில் வர இரண்டு மாதமாகும் என்றார். எங்களுக்கு இருந்தது ஆறு நாள்.

"ரப்பருக்கா பஞ்சம்?" என்றார் டிரைவர். "ஈப்போவிலேருந்து எங்க தோட்டம் வரைக்கும் ரெண்டு பக்கமும் வேற என்ன நிக்குது? நாளைக்கு ரப்பர் ஷீட்டு காயப்போடுற புகைக்கூண்டுலேருந்து நல்ல ஷீட்டா ஒண்ணு கேட்டு வாங்கியாரேன். பால் எங்களது, ஷீட்டு எங்களது, வண்டியும் எங்க துரையோடது. பட்டைக்கு மட்டும் எதுக்குக் கடல் தாண்டணும்?"

இந்த இடத்தில் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். புகைபோட்ட ஷீட் வெந்த ரப்பர் ஆகாது. கந்தகம் கலந்து வேகவைத்தால்தான் டயராகும், டியூபாகும், பட்டையாகும். அதுவரைக்கும் அது உறைந்த பால்தான். வெயிலில் வைத்தால் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ரயிலடியில் கிடந்து ஒரே பாறையாகிப்போன ஷீட் மூட்டைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர் பார்த்ததெல்லாம் நிழலில் தொங்குகிற ஷீட். எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் என் வாயில் வந்தது "சரி" என்பதுதான். அன்று யார் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

மறுநாள் ஷீட் வந்தது. தேன் நிறம், நல்ல புகை வாசம். பட்டை பட்டையாக அறுத்து, இரண்டு மடிப்பாக ஒட்டி, கம்பத்தைச் சுற்றியும் மேல்விளிம்பிலும் பதித்தேன். பட்டறைக் கூரைக்குக் கீழே வண்டியை நிறுத்தி, டிரைவர் உள்ளே உட்கார, வாளி வாளியாக ஊற்றினேன். ஒரு பொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. அவர் உள்ளிருந்தே கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, மீன் தொட்டிக்குள்ள மீனு வெளிய நிக்கிறவனைப் பாக்குற மாதிரி இருக்கு" என்று கத்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை மத்தியானம் வண்டி திரும்பி வந்தது. இந்தத் தடவை டிரைவர் பேசிக்கொண்டு இறங்கவில்லை. பக்கத்து ஆசனத்திலிருந்து அவர் வீட்டுக்காரி இறங்கினாள். பால்வெட்டு முடிந்து, குளித்து, ஈரத் தலையோடு வந்திருந்தாள். பின்சீட்டில் உட்காரவில்லை, துரை கண்ணில் பட்டால் அது வேறு வம்பு.

நடந்தது இதுதான். புதன்கிழமை துரைசாணி கிளப்புக்குப் போயிருக்கிறாள். வண்டி இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறது. திரும்பும்போது காற்றுக்காகக் கண்ணாடியை இறக்கப்போனால் இறங்கவில்லை. ஷீட் இளகிக் கண்ணாடியைக் கவ்விக்கொண்டது. டிரைவர் பலமாகச் சுற்ற, கண்ணாடி பாதி இறங்கி, பின்னாலேயே பாகு மாதிரி இழை இழையாக ரப்பரை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அதில் ஒரு இழை துரைசாணியின் கையுறையில். வீடு போய்ச் சேரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. துரை விசாரித்துவிட்டுக் கடைசியில் ஒரே வார்த்தை சொல்லியிருக்கிறார்: "ஞாயித்துக்கிழமை."

"யார் வச்சதுன்னு கேட்டாரா?" என்றேன்.

"கேட்டாரு. பட்டறைன்னேன். ஷீட்டு யார் குடுத்ததுன்னும் கேட்டாரு. நான்னேன்." கொஞ்சம் நிறுத்தி, "நான்தானே குடுத்தேன்" என்றார்.

எனக்குத் தெரிந்திருந்தும் செய்தேன் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் வீட்டுக்காரி அதற்குள் கண்ணாடிப் பக்கம் போய், அந்தப் பிசினை விரலால் உருட்டிப் பார்த்து, "இதுக்கு எதுக்கு ரெண்டு ஆம்பளைங்க மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள். "போய் அரைப்போத்தல் தேங்கா எண்ணெய் வாங்கியாங்க."

நான் கத்தியால் சுரண்டலாம் என்றிருந்தேன்.

"கத்தி போட்டா கண்ணாடி கீறும்லா. எங்க தலையில பால் தெறிச்சுக் காஞ்சா என்ன செய்றோம்? மயிரையா வெட்டிக்கிறோம்? எண்ணெய் தேச்சு ஊறவிட்டா தன்னால வழிஞ்சு வந்துரும். துரைமாருக்குத் தெரியாது, அவங்க தலையில பால் தெறிக்காது."

டிரைவர் எண்ணெய் வாங்கிவந்தார். அவளும் நானும் ஆளுக்கொரு பக்கம் துணியை நனைத்துத் தேய்த்தோம். அவள் சொன்னபடியே, கால் மணி நேரத்தில் ஷீட் குழைந்து உருண்டு வந்தது. தேய்த்துக்கொண்டே பேசினாள். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பொழப்புதாண்ணே, ரப்பர். அவருக்கு வட்டமா இருக்கு, எனக்கு ஒழுகுது."

அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். டிரைவர் வெளியே வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

"டிரைவர் வேலை போனா மறுபடி லயத்துக்குப் போகணும். ஒரே அறையில மூணு குடும்பம், நடுவுல சாக்குப்படுதா. இப்ப இருக்கிற அறைக்குக் கதவு இருக்குண்ணே. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு. மூணு வருசமா தாழ்ப்பாள் போட்டுத் தூங்கிப் பழகிட்டேன். அவருக்குக் கங்காணி பேச்சுதான் பெரிசு. எனக்கு அந்தத் தாழ்ப்பாள்."

"ம்" என்றேன்.

அவள் துணியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அண்ணனுக்கு வாய் பேசுது, கை வேலை செய்யுது. ஆளு எங்க?"

அந்தக் கடிதத்தைப் பற்றி நான் முதலில் சொன்னது அவளிடம்தான். ஏன் அவளிடம் என்று கேட்டால் தெரியாது. கேட்டாள், சொன்னேன். அம்மா போய்விட்டாள், அங்கே முப்பதாம் நாளும் முடிந்துவிட்டது, திங்கட்கிழமை கடிதம் வந்தது. திருகாணி அளவு சொல்கிற மாதிரி சொன்னேன்.

அவள் ஐயோ என்று சொல்லவில்லை. மறுபடி கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கம்மா இங்கதான் போச்சு. இதே தோட்டத்துல. விடியக்காலையில. நான் அன்னிக்கும் என் நிரை மரம் முழுசும் வெட்டி, பாலை நிறுத்துக் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

"அழுதியா?"

"அன்னிக்கு இல்ல. எப்பவோ ஒரு நாள், வாளி கழுவிக்கிட்டிருந்தேன், வந்துச்சு. அது எந்த நாளுன்னுகூட நெனப்பில்ல." துணியைப் பிழிந்தாள். "வரலன்னா விடுங்க. அதுக்கு ஒண்ணும் நேரங்காலம் இல்ல."

எனக்கு அதைக் கேட்டு ஆறுதலாகவும் இல்லை, கஷ்டமாகவும் இல்லை. பிறகு டிரைவரிடம், ஷீட் ஒட்டும் என்று எனக்கு முன்பே தெரியும், யோசிக்காமல் செய்துவிட்டேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். வீட்டுக்காரி அவரைக் கூப்பிட்டு ஏதோ முணுமுணுத்தாள். திரும்பி வந்தவர் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. "இப்ப எதை வைக்கப் போறோம்ணே?" என்று மட்டும் கேட்டார்.

சைக்கிள் டியூப் வைத்தேன். பழைய டியூபைத் தேடி, ஓட்டையில்லாத துண்டுகளாக வெட்டி, குழல் குழலாகவே விளிம்பில் பதித்தேன். வெந்த ரப்பர், வெயிலுக்கு இளகாது. உள்ளே வெறுங்குழல் என்பதால் கண்ணாடி அழுத்தினால் அமுங்கி இடுக்கை அடைக்கும். கண்ணாடி வழுக்கிப் போக மேலே முகப்பவுடர் தடவினேன். பவுடர் வாசம் அடிக்குது, துரை என்ன நெனைப்பாரோ என்றார் டிரைவர். புகை வாசத்துக்கு இது தேவலை என்றாள் வீட்டுக்காரி.

வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீரில் ஒன்றும் ஒழுகவில்லை. முடிந்தது என்று கையைத் துடைத்தபோது பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. வண்டியை வெளியே தள்ளி மழையில் விட்டோம். டிரைவர் உள்ளே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கண்ணாடியைத் தட்டினார். இந்தத் தடவை மீன் கதை சொல்லவில்லை.

போய்ப் பார்த்தேன். மூலையில் மறுபடி இடுக்கு. வாளியில் ஊற்றியபோது இல்லாத இடுக்கு. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே மழையில் நின்றேன். அப்புறம் மேலே துணியைத் தொட்டேன். தோல் கட்டிய மேளம் மாதிரி விறைத்திருந்தது. துணி நன்றாக நனைந்தால் சுருங்குகிறது. சுருங்கும்போது கூரையைத் தாங்குகிற மேல்சட்டத்தைப் பின்னால் இழுக்கிறது. நான் கண்ணாடியைச் சரிபார்த்ததெல்லாம் காய்ந்த கூரைக்கு. மழையில் அது வேறு கூரை.

ஆகவே கூரை நனைந்திருக்கும்போதே வேலை செய்தோம். மழை விட்டால் டிரைவர் ஏணியில் நின்று குவளையால் ஊற்றிக்கொண்டே இருப்பார். நான் உள்ளே மண்டியிட்டுக் கண்ணாடியின் சாய்வை மயிரிழை மயிரிழையாக மாற்றுவேன். ஈரத்தில் திருநீறு கரைந்துவிடும் என்பதால் சிகரெட் தாள் வைத்துப் பார்த்தேன்: இடுக்கில் தாளை வைத்துக் கண்ணாடியை ஏற்றி இழுத்தால், கிழிய வேண்டும். வழுக்கி வந்தால் இன்னும் இறுக்கம் போதாது. பத்துத் தாள் கிழிந்தது. தவுக்கே அது தன்னுடைய சிகரெட் தாள் என்று கண்டுபிடித்து, பெலான் பெலான், கொஞ்சம் மெதுவாகக் கிழி என்றார்.

சனிக்கிழமையும் அதே வேலை. சாயங்காலம் வரை காயவைத்துப் பார்த்தோம், நனைத்துப் பார்த்தோம். ஒழுகவில்லை. இனி என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று டிரைவரிடம் சொன்னேன். "நீங்களும் கூட வரணுமாம்ணே," என்றார். துரை சொல்லியிருக்கிறார், வழியில் ஒழுகினால் வழியிலேயே சரிபண்ண ஃபிட்டரும் முன்னால் உட்காரட்டும் என்று.

ஞாயிறு காலைப் பூசைக்கு நான் போகவில்லை. விடியுமுன்பே தோட்டத்துக்குப் போய்விட்டேன். மோட்டார்க் கொட்டகைக்குப் பக்கத்து அறை வாசலில் டிரைவரின் வீட்டுக்காரி நின்றிருந்தாள். ஞாயிறு என்பதால் அவளுக்கு வெட்டு இல்லை. என்னிடம் ஒரு குவளை காப்பியைக் கொடுத்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

துரையும் துரைசாணியும் வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். அந்தம்மா வழக்கம்போல டிரைவருக்கு நேர் பின்னால். வெளிர்நீலப் பட்டு, மடியில் வெள்ளைத் தொப்பி. நான் முன்னால் இடது பக்கம். டிரைவர் கோட்டுப் பித்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

செமோர் தாண்டும்வரை வெறும் மேகம். சுங்கை சிப்புட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மழை வந்தது, சாதாரண மழை இல்லை, முன்னால் ரோடு தெரியாத மழை. டிரைவர் வேகத்தைக் குறைத்தார். கூரையில் சத்தம் முதலில் தொளதொளவென்று கேட்டது; துணி நனைய நனைய அது இறுகி டமடமவென்று ஆனது. நான் தலையைக் கொஞ்சம் திருப்பி அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். துரை ஏதோ பேப்பர் படித்தார். துரைசாணி மூலையைத்தான் பார்த்தாள், நான் பார்த்த அதே இடத்தை.

கால் மணி நேரம். அரை மணி நேரம். டியூப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தம்மா கண்ணை எடுத்துத் தொப்பியில் இருந்த பூவைச் சரிசெய்யத் தொடங்கினாள். டிரைவர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு ரோடு வளையத் தொடங்கியது. ஒரு வளைவில் வண்டி இடது பக்கம் சாய, வலது பக்கம் எங்கேயோ உள்கூட்டு மரம் கிறீச்சென்றது. நேராக நிமிர்ந்தபோது பார்த்தேன்: கம்பத்தின் உச்சியில், டியூபுக்கும் துணிக்கும் நடுவே ஒரு பொட்டு, கண்ணாடி மணி மாதிரி. நிற்கிற வண்டியைத்தான் நான் ஆறு நாளாகச் சரிசெய்திருந்தேன். ஓடுகிற வண்டி முறுக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. பொட்டு பெரிசாகிக்கொண்டிருந்தது.

நான் டிரைவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? வண்டியை நிறுத்தச் சொல்லிக் கதவைத் திறந்தால் மழை முழுசும் உள்ளே வரும். அவர் பக்கம் பார்த்தேன், அவ்வளவுதான். அவர் என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு வாரமும் அதில் ஒன்றும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது.

அவர் ஆசனத்தில் கொஞ்சம் பின்னுக்கு ஏறி, முதுகை நேராக்குகிற மாதிரி அசைந்து, வலது தோளைக் கம்பத்தோடு ஒட்டி வைத்தார். பொட்டு அவருடைய காக்கிக் கோட்டின் தோளில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. பிறகு சொட்டாக இல்லாமல் ஒரு கோடாக இறங்க ஆரம்பித்தது. அவர் தோளை இன்னும் அழுத்தினார். தண்ணீர் கோட்டில் ஊறி, கைவழியாக இறங்கி, முழங்கையிலிருந்து அவர் காலுக்குக் கீழே வடிந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு இது தெரியாது; பட்டின் மேல் ஒரு சொட்டும் விழவில்லை. அவர் இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையை அசைக்காமல், கழுத்தையும் திருப்பாமல், கோலா கங்சார் போய்ச் சேரும்வரை அப்படியே ஓட்டினார்.